எங்கள் டவுன் தாய்சேய் கிளினிக்: மிஸ்ஸிகளுக்கு 5 ஸ்டார், நேர அட்டவணைக்கு 2

ஊர் பேர் போடவில்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தெற்குப் பக்கம், சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவில் ஒரே மெயின் ரோடு, அதில் ஓர் அரசாங்க கிளினிக் என்று ஏழெட்டு டவுன் இருக்கிறது, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பேர் போட்டால் மிஸ்ஸிகளுக்குத்தான், அதாவது நர்ஸ்களுக்குத்தான், தலைவலி, அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது பிள்ளைக்கு அங்கேதான் பிங்க் புக் (கர்ப்பிணிகளுக்கான பதிவுப் புத்தகம்) போட்டேன். வயது 31, பால்மரம் வெட்டிய எங்கள் அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), பாட்டிக்கும் அதுவே, அதனால் புக் போட்டதுமே குளுக்கோஸ் டெஸ்டுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அதில் தப்பித்தேன். 26-வது வாரம் மறுபடி எடுத்தபோது மாட்டிக்கொண்டேன்: பசியோடு ரத்தச் சர்க்கரை 4.9, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 8.4 (இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்றுதான் கணக்கு). முதலாவது 5.1, இரண்டாவது 7.8, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவுதான். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன் நம் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாதாம், நான் மைலோவில் போட்ட சீனி மட்டும் காரணம் இல்லையாம். மாமியாரிடம் இதை இரண்டு முறை சொன்னேன்.

டெஸ்ட் எப்படி என்று கேட்பவர்களுக்கு: முதல் நாள் ராத்திரி சாப்பாட்டோடு சரி, காலையில் பசியாறாமல் போக வேண்டும். ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள், அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் தூளைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து பிளாஸ்டிக் கப்பில் நீட்டுவார்கள், ஐந்து நிமிடத்தில் குடித்து முடிக்க வேண்டும். வெதுவெதுப்பாக, பாயசத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இனிப்பை மட்டும் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு அதிகம் நகரக்கூடாது. ஏர்கான் குளிர், ஸ்வெட்டர் கொண்டு போங்கள். இதெல்லாம் ஒரு பெரிய கஷ்டமில்லை, என் வீடு கிளினிக்கிலிருந்து பத்து நிமிடம்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வீடு அப்படி இல்லை. செமாய் என்ற பூர்வகுடிப் பெண், இருபதைத் தாண்டியிருந்தால் ஆச்சரியம், மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் மாமியார். இரண்டு பேருமே மலாயில்தான் பேசினோம். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினாளாம், புருஷனின் மோட்டார் சைக்கிளில் மண்சாலை வரை, அங்கிருந்து வாடகை ஹைலக்ஸ் வண்டியில் டவுனுக்கு. முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிட்டது. ரத்தம் எடுக்கும்போது மணி ஒன்பதரை. வெறும் வயிறு, மலைப்பாதை, அதற்கு மேல் அந்தக் கப்.

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். பிள்ளையை என் மடியில் தள்ளிவிட்டு எழுந்தாள், கழிவறை வரை போக முடியவில்லை, வாசல் பூந்தொட்டியிலேயே எல்லாம் வந்துவிட்டது. வாந்தி எடுத்தால் டெஸ்ட் செல்லாது, வேறு நாள் வர வேண்டும். மிஸ்ஸி முதுகைத் தடவிவிட்டார், பிஸ்கட் கொடுத்தார், அடுத்த செவ்வாய் என்று புக்கில் எழுதினார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் மட்டும் விரலை மடக்கி ஹைலக்ஸ் காசை எண்ணிக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. மருத்துவக் குழுதான் அவர்கள் கம்பத்துக்கே (கிராமத்துக்கே) போகிறதே, எடை, பிரஷர், சிறுநீர் எல்லாம் பார்க்கிறார்களே, இதையும் அங்கேயே செய்யலாமே என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். அவர் சொன்ன காரணம் நியாயம்தான். இதற்கு விரல்குத்து போதாது, நரம்பிலிருந்து எடுத்த ரத்தம் சீக்கிரம் லேப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் இருக்கிற ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று அளவைக் குறைத்துக் காட்டிவிடும். சரி, அப்படியென்றால் முதல் நாள் ராத்திரி தங்க இங்கே ஓர் அறை கொடுங்கள் என்றேன். அதற்கு அவர் சிரித்தார். முடிவு எடுக்கிற நாற்காலி அவருடையது இல்லை.

கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வயிற்றிலேயே கொழுத்துவிடலாம், பிரசவத்தில் தோள் மாட்டிக்கொள்ளலாம், பிறந்த கையோடு பிள்ளைக்கு சர்க்கரை இறங்கலாம். ஆஸ்பத்திரியில் இதற்கு ஆள் இருக்கிறது, மலை மேல் இல்லை.

உணவு ஆலோசகர் அறைக்கு நான் 5 ஸ்டார் கொடுத்திருப்பேன். மேசை நிறைய ரப்பர் சாப்பாடு: ரப்பர் தோசை, ரப்பர் நாசி லெமாக், அரைத் தட்டு காய்கறி, கால் சோறு, கால் மீன் என்று ‘சுகு சுகு செப்பாரு’ (மலாயில் கால், கால், பாதி) தட்டு. எனக்குப் புரிந்தது, தோசை மூன்றிலிருந்து ஒன்றானது. இன்னொரு நாள் அதே அறையில் வேறொரு செமாய் அக்கா அந்த மேசையில் மரவள்ளிக்கிழங்கைத் தேடினார். இல்லை. கையில் கொடுத்த தாளில் ஓட்ஸ், பிரௌன் ரொட்டி. அவர் சாப்பிடுவதோ கிழங்கு, கிழங்கு இலை, ஆற்று மீன், அதோடு கடையிலிருந்து மேலே ஏறி வரும் சீனியும் டின் பாலும். ஆலோசகர் நல்ல பெண், தாளைத் திருப்பிப் போட்டு, தன் கை முஷ்டியை வைத்து வரைந்து, கிழங்கு இவ்வளவு என்று காட்டினார். அதை முதலிலேயே அச்சடித்து வைத்தால் என்ன?

பெரிய புகார் சுகர் புரொஃபைல். சர்க்கரை பார்க்க ஒரு நாளில் நாலு விரல்குத்து, கடைசிக் குத்து படுக்கப் போகும் முன். கிளினிக் ஐந்து மணிக்கு மூடும்! நான் கடையில் மெஷின் வாங்கி வீட்டிலேயே குத்திக்கொண்டேன், சாப்பிடும் முன் 5.3-க்குள் வைத்தேன், இன்சுலின் ஊசி வரை போகவில்லை. ஸ்ட்ரிப் விலைதான் கடித்தது. மலை மேல் இருப்பவர்கள் மெஷினும் இல்லாமல் என்ன செய்வார்கள்? ராத்திரி மட்டும் ஜெனரேட்டர் ஓடும் வீட்டில், இன்சுலின் கொடுத்தால் அதைக் குளிர்ச்சியாக எங்கே வைப்பது?

பார்க்கிங் மோசம், எட்டு மணிக்கு மேல் போனால் ரோட்டோரம்தான், சம்மன் நிச்சயம். கழிவறை சுத்தம். பிரசவத்துக்கு முந்தைய கவனிப்பு எல்லாம் இலவசம்.

பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் மறுபடி அதே கப், இரண்டு மணி நேரத்தில் 6.1, தப்பித்தேன். அந்தச் சின்னப் பெண் வந்தாளா என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். புக்கைப் புரட்டிப் பார்த்தார். மூன்று தேதி எழுதியிருந்தது, முதல் இரண்டிலும் ‘வரவில்லை’. மூன்றாவது அடுத்த செவ்வாய்.