"பரவாயில்லை தம்பி" என்று சொன்னால் நம்பாதீர்கள்

மடிப்பாக்கத்தில் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கப் போய், ஒரு லட்சம் ரூபாயைப் பறிகொடுத்த கதை இது. என் தவறும் இதில் உண்டு.

விலை 62 லட்சம். கிரய ஒப்பந்தம் போட்ட அன்று 5 லட்சம் முன்பணம் கொடுத்தேன். அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் இன்னும் 10 லட்சம். கெடு தவறினால் ஒப்பந்தம் ரத்து, முன்பணமும் திரும்பாது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன். "எல்லா ஒப்பந்தத்திலும் இப்படித்தான் எழுதுவார்கள் சார்" என்றார் தரகர். பதிவு செய்யலாமா என்றேன். வீண் செலவு என்றார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தப் பதிவு கட்டாயம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குமா தெரியாது?

வைப்பு நிதிப் பணம் வரத் தாமதமானது. 8ஆம் தேதி வீட்டுக்காரரை அழைத்துச் சொன்னேன். "பரவாயில்லை தம்பி, வந்ததும் கொடுங்கள். வீட்டைத் தூக்கிக்கொண்டா ஓடப் போகிறேன்?" என்று சிரித்தார். 22ஆம் தேதி பணத்தை அவர் கணக்குக்கு அனுப்பினேன். மறுநாள் காலை 11 மணிக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி: 10 லட்சமும் என் கணக்குக்கே திரும்பியிருந்தது. நான்கு நாளில் வழக்கறிஞர் நோட்டீஸ். மெட்ரோ வரும் பகுதி. வேறொருவர் 6 லட்சம் கூடுதலாகத் தரத் தயாராக இருந்ததைக் காவலாளி பிறகு சொன்னார்.

நான் பார்த்த வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். வீடு, நிலம் விற்பனையில் கெடு ஒரு நாள் தவறியதாலேயே ஒப்பந்தம் செத்துவிடாது என்பதுதான் பொதுவான நிலை. ஆனால் தவணைக்குத் தேதி குறித்து, தவறினால் ரத்து என்றும் தெளிவாக எழுதியிருந்தால் அந்தக் கெடு கறாரானதுதான் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பதியாத ஒப்பந்தத்தை வைத்தும் ஏற்றதை ஆற்றக் கோரி, அதாவது ஒப்பந்தப்படி வீட்டை விற்றுத்தரச் சொல்லி, வழக்குப் போடலாம். மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. பணத்தோடு தயாராக இருந்ததை நான்தான் நிரூபிக்க வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, "கெடுவை நீட்டியதற்கு எழுத்து இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருந்ததெல்லாம் 4 நிமிடம் பேசியதாகக் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலில் இருந்த ஒரு வரி மட்டும். பேசியது என்ன என்று அது சொல்லாது. 8ஆம் தேதியே நேரில் போய், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் புதிய தேதியை எழுதி இருவரும் கையெழுத்திட்டிருக்கலாம். குறைந்தது, "நீங்கள் சொன்னபடி 25ஆம் தேதிக்குள் தருகிறேன்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கியிருக்கலாம்.

ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் அலையத் தெம்பில்லை. பேசிப் பார்த்ததில், முன்பணத்தில் 4 லட்சத்தைத் திருப்பித் தர வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். காசோலை வாங்கப் போன அன்று காபி கொடுத்து உபசரித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த தாளை எடுத்தார்: "இனி இந்தச் சொத்தில் எவ்வித உரிமையும் கோரமாட்டேன்." தேதியோடு இரண்டு இடத்தில் கையெழுத்து, இரண்டு சாட்சி. வாய்ச்சொல் போதாதா என்றேன்.

"எதற்கும் எழுத்தில் இருப்பது நல்லது தம்பி" என்றார்.