உப்புக் காற்றில் மாற்று கேம்பர் ஆர்ம்: சிவிக்கின் பின் சக்கர அலைன்மென்ட் அனுபவம்

எட்டாம் தலைமுறை ஹோண்டா சிவிக் செடானில் பின் சக்கரங்கள் தனித்தனியே அசைவதால், இரு பின் சக்கரங்களையும் ஒரே தண்டு இணைக்கும் டார்ஷன் பீம் உள்ள சிறிய கார்களில் எளிதில் செய்ய முடியாத அலைன்மென்ட் திருத்தத்தை இதில் செய்துகொள்ளலாம். ஆனால் கம்பெனி தந்திருப்பது டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை, திருத்தும் வசதி மட்டுமே. சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணமான கேம்பருக்கு அப்படி எதுவும் இல்லை. உயரம் குறைந்த ஸ்பிரிங் போட்டபின் பின் சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தேயத் தொடங்கியதால், சக்கரத்தின் மேற்பகுதியைக் காரின் உடலோடு இணைக்கும் மேல் ஆர்ம்களில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வகையை வாங்கிப் பொருத்தினேன்.

உள்நோக்கிய சாய்வை மைனஸில் குறிப்பார்கள்; இடப்பக்கம் மைனஸ் 2.8, வலப்பக்கம் மைனஸ் 2.4 டிகிரியாக இருந்த கேம்பர், ஆர்மை நீட்டியதும் இருபுறமும் மைனஸ் 1.3க்கு வந்தது. கேம்பரைத் தொட்டால் டோவும் நகரும் என்பதால், முதலில் கேம்பர், அடுத்து பின் டோ, கடைசியாக முன் சக்கரம் என்ற வரிசையில் வேலை நடக்க வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு ரசீது எழுதும் கடைகள் நம் ஊர்ப்பக்கம் இன்னும் உண்டு. ஆகவே பின் சக்கர அளவுகளையும் அச்சிட்டுத் தரும்படி கேட்டு வாங்குவது நல்லது. உண்மையில் டயரை விரைவாகத் தின்பது கேம்பரைவிடத் தவறான டோதான். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக ஒருபுறம் தடவினால் வழுக்கி, மறுபுறம் தடவினால் அரம் போல் உறுத்தினால், டோவைச் சந்தேகிக்கலாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஆர்மின் முனைகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளுக்குத் தரும் இறுதி முறுக்கு. கார் ஜாக்கியில் தொங்கும் நிலையிலேயே அவற்றை இறுக்கினால், சக்கரம் தரையில் பட்டதும் புஷ் நிரந்தரமாக முறுகி நின்று சீக்கிரமே கிழியும். காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும்.

மண்டபத்தில் குடியிருந்து, பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடி சாலையையும் அடிக்கடி கடக்கும் காருக்கு, பொருளின் தரத்தைவிட உப்புதான் பெரிய சோதனை. அரிச்சல்முனைப் பக்கம் காற்றில் பறந்து வரும் மணல் ஆர்மின் மடிப்புகளில் தங்கி, ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. ஆர்மின் வண்ணப்பூச்சு ஓரளவு தாங்கியது. துரு முதலில் ஏறியது, ஆர்மின் நீளம் மாறாமல் பிடித்துவைக்கும் லாக் நட்டின் மரையில்தான். அந்த மரை இறுகிவிட்டால் திருத்தும் வசதிக்காகக் கொடுத்த பணம் வீண். எனவே மரையில் விசைப்படகு என்ஜின்களுக்குப் பயன்படுத்தும் நீர் தாங்கும் கிரீஸைப் பூசி, பழைய சைக்கிள் டியூபை வெட்டி உறைபோல் மாட்டி, இருமுனையையும் கேபிள் டையால் கட்டினேன். பார்க்க அழகாக இல்லை, ஆனால் அடுத்த அலைன்மென்ட்டின்போது நட் சிரமமின்றிக் கழன்றது. தனுஷ்கோடி போய் வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதும் வழக்கமாகிவிட்டது.

அலுமினிய ஆர்மும் உலோக உருண்டை மூட்டும் கொண்ட வகையை இக்கரையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அலுமினியமும் இரும்பு போல்ட்டும் உப்பு ஈரத்தில் சேரும்போது அலுமினியம் அரிக்கப்படும்; உருண்டை மூட்டில் மணல் புகுந்தால் ஆட்டம் கண்டு சத்தம் எழுப்பும். ரப்பர் புஷ் உள்ள எஃகு ஆர்ம் சற்றுக் கனம்தான் என்றாலும், பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது இன்றுவரை பின்பக்கத்திலிருந்து தட்டுச் சத்தம் வரவில்லை. உள்விளிம்புத் தேய்மானம் முற்றிலும் நிற்கவில்லை. இரு விளிம்புகளுக்கும் உள்ள வித்தியாசம் இப்போது கண்ணுக்குச் சட்டென்று தெரிவதில்லை, அவ்வளவே.