குழல் முறுக்கும் செம்புக் குண்டும்: 11 வருட அனுபவம்

கலிஃபோர்னியாவின் மலைகளில் 2014 முதல் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறேன். அப்போது கையில் இருந்தது யாரோ வைத்திருந்து விற்ற போல்ட் ரைஃபிள், 223 என்ற அளவுத் தோட்டா போடுவது. குழலுக்குள் வரிகள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும். இந்த முறுக்கை 1:12 ட்விஸ்ட் என்பார்கள். 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) ஈயக் குண்டுக்கு அது அருமையாக ஒத்துப்போனது.

2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுக்க வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்றாகிவிட்டது. சுட்ட விலங்கின் குடலில் கிடக்கும் ஈயத் துணுக்குகளைத் தின்று காண்டோர் என்ற பெரிய கழுகுகள் செத்துக்கொண்டிருந்தன. சட்டம் சரிதான். நானும் அதே 55 கிரெய்னில் முழுச் செம்புக் குண்டு வாங்கினேன். எடை ஒன்றுதானே என்று நினைத்தது என் தப்பு.

செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளக் குண்டு நேராகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். இல்லாவிட்டால் சாட்டையைச் சரியாக இழுக்காத பம்பரம்போலத் தலையாட்டும். கோடையில் 100 கஜத்தில் சுட்டுப் பார்த்தபோது ஓட்டைகள் மூன்று அங்குலத்துக்குச் சிதறின. கை நடுக்கம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி விடியற்காலை, நல்ல குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, தள்ளாடும் குண்டை இன்னும் தள்ளாட வைக்கும். 90 கஜத்தில் பன்றியின் தோளுக்குப் பின்னால் சுட்டேன். விழவில்லை. ஓக் மரங்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் ரத்தத்தடம் பார்த்துப் போய் முடித்துவைத்தேன். அறுத்தபோது குண்டு விலாவோரம் கிடைத்தது. இதழ் விரிய வேண்டிய முனை மூடியே இருந்தது. உடல் மட்டும் வாழைப்பழம்போல் வளைந்திருந்தது. அந்த மிருகம் பட்ட பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. இன்றும் மனசு ஆறவில்லை.

சதைக்குள் போனபின் எந்தச் சுழற்சியாலும் குண்டை நிலைநிறுத்த முடியாது, சதை காற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அடர்த்தி. முனை முதலில் பட வேண்டும், அதுதான் முக்கியம். அப்போதுதான் முனைக் குழிக்குள் ஈரம் அழுத்திப் புகுந்து இதழ்கள் விரியும், விரிந்த குண்டு நேராகப் போகும். சாய்ந்து பட்டால் குழி வேலை செய்யாது.

2020-இல் 1:8 குழல் உள்ள 223 வாங்கினேன். வினாடிக்கு 3000 அடி வேகத்தில் இதில் குண்டு நிமிடத்துக்கு 2,70,000 தடவை சுழலும், பழையதில் 1,80,000. இப்போது 62 கிரெய்ன் செம்புதான் போடுகிறேன். சுட்ட பன்றிகள் எல்லாம் பத்து இருபது கஜத்துக்குள் விழுந்தன. அதே 62-ஐப் பழைய குழலில் ஒருநாள் தாளில் சுட்டுப் பார்த்தேன். சாவித்துவாரம்போல நீட்டு நீட்டாக ஓட்டை. குண்டு பக்கவாட்டில் பட்டிருக்கிறது.

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியதுண்டு. 1955-இல் ரெமிங்டன் கம்பெனி கொண்டுவந்த 244 ரெமிங்டன் என்ற தோட்டாவுக்கு 1:12 குழல் வைத்தார்கள். மான் சுட ஏற்ற நீளமான கனத்த குண்டுகளை அது சரியாகச் சுழற்றவில்லை. 1:10 குழலோடு வந்த போட்டித் தோட்டா 243 வின்செஸ்டர் முந்திக்கொண்டது. 1963-இல் 1:9 குழல் போட்டு 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயர் மாற்றி விற்றார்கள்.

1:8-இல் ஒரு குறை உண்டு. கயோட்டி (ஓநாய் இனத்துச் சின்ன விலங்கு) சுடுவதற்கான மெல்லிய உறை போட்ட குண்டுகளை மிக வேகமாகச் சுட்டால் சில வழியிலேயே சிதறும்.

பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் குழலில் எழுதியிருப்பதை நம்பாமல் அளந்து பாருங்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிடியில் தானாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே விடுங்கள். கம்பியில் ஒரு கோடு போட்டு மெதுவாகத் தள்ளுங்கள். கோடு முழுச் சுற்று சுற்றி மேலே வரும்போது எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறதோ, அதுதான் உங்கள் முறுக்கு.