கோயம்புத்தூரில் பொக்கே அனுப்ப: சாய்பாபா காலனியில் ஒரு ஒற்றை ஷட்டர் கடை

நான் சென்னையில் வங்கி வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் கோயம்புத்தூர். உறவில் முக்கால்வாசிப் பேர் இன்னும் அங்கேதான். அறுபதாம் கல்யாணம், கிரகப்பிரவேசம், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெரியம்மா என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் லீவு போட்டு ரயிலேற முடியாது. ஸ்வீட் அனுப்பலாம் என்றால் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேர் வீட்டில் அதைத் தொடவிடாத மருமகள்கள். அதனால் பூ அனுப்புகிற ஆளாகிவிட்டேன். சில வருஷங்களாக ஒரே கடையில்தான் சொல்கிறேன்.

கடை சாய்பாபா காலனியில், நாகசாய் கோயிலிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது. ஒற்றை ஷட்டர். வாசலில் பிளாஸ்டிக் பக்கெட்டுகளில் ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன். உள்ளே ஒரு மேஜை, கூல்டிரிங்ஸ் கம்பெனி ஒன்றின் பழைய ஃப்ரிட்ஜ், அதற்குள் லில்லி மொட்டுகள். கணவன், மனைவி இருவர் நடத்துகிறார்கள். பேச்செல்லாம் அக்காதான், அண்ணன் கத்தரியும் கையுமாகத் தலை நிமிராமல் இருப்பார். டெலிவரிக்கு அக்காவின் தம்பி மகன், ஸ்கூட்டரில். வெப்சைட் கிடையாது. வாட்ஸ்அப், ஜிபே, அவ்வளவுதான். கடைப் பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாங்கண்ணு, முகூர்த்தத்துல இருக்கறவங்களுக்கே கட்டிக் குடுத்து முடியல" என்று விட்டார். அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த அடையாளமே போதும்.

இங்கே வருவதற்கு முன்னால் பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் அனுப்பிப் பார்த்தேன். படத்தில் இளஞ்சிவப்பு லில்லி, கண்ணாடி ஜாடி. பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது செல்லோபேன் தாளில் சுற்றிய சிவப்பு ரோஜா, அதன்மேல் மினுக்குத் தூள். புகார் சொன்னால், படம் மாதிரிக்கு மட்டும்தானாம், பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். அக்காவிடம் இதைச் சொன்னபோதுதான் சூட்சுமம் புரிந்தது. இந்த மாதிரித் தளங்களில் பலவும் தாங்களே பூக்கட்டுவதில்லை. காசை வாங்கி, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உள்ளூர்க் கடை ஒன்றுக்குத் தள்ளிவிடுகின்றன. அந்த மிச்சக் காசில் அந்தப் படத்தை யார் கட்ட முடியும்? கடைக்காரர் கையில் இருப்பதைச் சுற்றி அனுப்புகிறார். மினுக்குத் தூள் யாருடைய யோசனை என்று மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ரோஜாவுக்கு எதற்கு ஜிகினா?

அக்காவிடம் ஆர்டர் சொல்வது வேறு மாதிரிப் போகும். நான் "பிங்க் ரோஸ்" என்று ஆரம்பித்தால் நிறுத்திவிடுவார். "என்ன விசேஷமுங்க? டேபிள் மேல வெக்கறதுங்களா, கையில குடுக்கறதுங்களா? வாசம் தாங்குவாங்களா?" பிறகுதான் எவ்வளவுக்குள் என்ற கேள்வி. அதன்பின் தீர்ப்பு வரும்: "இன்னைக்கு ரோஸ் வேணாங்கண்ணு, மொட்டு மெத்துனு இருக்குது. கார்னேஷன் காலையிலதான் கோத்தகிரியில இருந்து எறங்குச்சு. அதுல மஞ்சள் போட்டுத் தரேன்."

ரோஜா மொட்டின் அடிப்பக்கத்தை, காம்போடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் புதுசு. அமுங்கினால் வெட்டி நாளாகிவிட்டது என்று அர்த்தம். மேலே எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் மறுநாள் மதியம் தாண்டாது. இதைச் சொல்லிக்கொடுத்ததும் அக்காதான். தன் கடைச் சரக்கையே இப்படிச் சோதிக்கக் கற்றுக்கொடுக்கிற வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

பொக்கே அனுப்ப கோவை தோதான ஊர். கார்னேஷனும் லில்லியமும் (கடையில் லில்லி என்பது இதைத்தான்) நீலகிரியின் பாலிஹவுஸ்களிலிருந்து, அதாவது பிளாஸ்டிக் கூரை போட்ட பூத்தோட்டங்களிலிருந்து, மேட்டுப்பாளையம் வழியாக இறங்குகின்றன. மல்லியும் சம்பங்கியும் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டுப் பூ மார்க்கெட்டுக்கு வந்துவிடும். நீளக் காம்பு ரோஜா மட்டும் ஓசூரிலிருந்து வர வேண்டும். பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரம் ஓசூரின் நல்ல சிவப்பு ரோஜாவெல்லாம் வெளிநாட்டுக்கும் பெரிய ஊர்களுக்கும் போய்விடுவதால், நமக்குக் கிடைப்பதற்கு விலை எகிறியிருக்கும். அந்த வாரம் அக்காவே ரோஜா வேண்டாம் என்பார். எந்தப் பூ எந்த நாளில் நன்றாக இருக்கும் என்பது சென்னையில் உட்கார்ந்து ஃபோனில் படம் தள்ளிக்கொண்டிருக்கும் எனக்குத் தெரிய வழியில்லை. தொகையையும் காரணத்தையும் சொல்லிவிட்டு, பூவை அவர்கள் பொறுப்பில் விட்டுவிடுவதுதான் சரி. இந்தக் கடை என்றில்லை, எந்த ஊர் உள்ளூர்க் கடையானாலும் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கடையில் உட்கார்ந்து, என் சித்தப்பா வீட்டுக்கான பாஸ்கெட்டை அண்ணன் கட்டுவதைப் பார்த்தேன். பூ குத்துகிற அந்தப் பச்சை ஸ்பாஞ்சை முதலில் பக்கெட் தண்ணீரில் மிதக்க விட்டார். கையால் அமுக்கவே இல்லை. அதுவாகத் தண்ணீர் குடித்து, நிறம் கறுத்து, மெதுவாக மூழ்கியது. அமுக்கினால் மேலே மட்டும் நனைந்து நடுவில் காற்று நின்றுவிடுமாம். "அந்த எடத்துல குத்துன பூ சாயங்காலமே தலையத் தொங்கப் போட்ருமுங்க." அவர் வாயிலிருந்து அன்று வந்த ஒரே வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பச்சை. அரிகா பனை ஓலை, ஓரம் மஞ்சளாக இருக்கும் சாங் ஆஃப் இந்தியா இலை. ஸ்பாஞ்ச் கண்ணில் படாமல் மறைந்த பிறகுதான் பூவைத் தொட்டார். லில்லி நடுவில், உயரமாக. விரிந்தது ஒன்று, மற்றவை மொட்டு. விரிந்ததன் மகரந்தப் பைகளைக் கிள்ளிப் போட்டார். அந்தக் காவித் தூள் சட்டையில் பட்டால் துவைத்தாலும் போகாது. ரோஜாவின் வெளியிதழ்கள் பச்சை படிந்து கோணலாக இருக்கும், அவற்றை உரித்தார். ஜெர்பராவுக்குக் காம்பு பஞ்சுமாதிரி, கழுத்து பலமில்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே மெல்லிய கம்பி ஏற்றினார். ஒவ்வொரு காம்பையும் சாய்வாக வெட்டி ஒரே குத்தாகக் குத்தினார். பாதியில் உருவி உயரம் சரிபார்க்க வேண்டியிருந்தால் அதே ஓட்டையில் திரும்ப வைப்பதில்லை. ஓட்டையின் அடியில் காற்று நின்றுவிட்டால் காம்பு தண்ணீரைத் தொடாது.

எனக்கு வழக்கமான பாஸ்கெட் 1,200 ரூபாய். டெலிவரி, ஆர்.எஸ்.புரம் மாதிரிப் பக்கத்து இடங்களுக்கு 60, வடவள்ளி, துடியலூருக்கு 100, சிங்காநல்லூருக்கு 150. கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், வெளிச்சமே இல்லாமல், பின்னால் துடைப்பத்தோடு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நேரில் அதைவிட நன்றாகத்தான் இருக்கும்.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு வருகிற ஆள் கிடையாது. பெரியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது (ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை, பல ஆஸ்பத்திரிகளில் வார்டுக்குள் பூவை விடமாட்டார்கள்) வீட்டுக்கு அனுப்பினேன். அன்று மாலை ஃபோன். "ஏங்கண்ணு இப்படிக் காசைக் கரியாக்கற?" என்று ஒரு பாட்டம் முடிந்த பிறகு விஷயத்துக்கு வந்தார். பையன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஃபேன் காற்று நேராகப் படாத இடம் பார்த்து, டைனிங் டேபிளில் இருந்த வாழைப்பழச் சீப்பை நகர்த்திவிட்டு பாஸ்கெட்டை வைத்தானாம். "பழத்துகிட்ட வெச்சா பூ சீக்கிரம் வாடிரும் பாட்டி, தெனம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க" என்றானாம். உண்மைதான். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவையும் சேர்த்தே முதுமையாக்கும், கார்னேஷனுக்கு அது ஆகவே ஆகாது. பெரியம்மா பழத்தைச் சமையலறைக்கு மாற்றிவிட்டார். ஜெர்பரா சில நாளில் தலை சாய்ந்தது, ரோஜா அடுத்து. மஞ்சள் கார்னேஷன் பத்து நாளைத் தாண்டியும் நின்றது. வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அது வந்த கதை சொல்லப்பட்டதாகக் கேள்வி.

கல்லூரித் தோழியின் அப்பா தவறியபோதும் இவர்களைத்தான் கூப்பிட்டேன். விடிகாலை நேரம். கிறிஸ்தவக் குடும்பம் என்றதும் அக்கா கேட்டது இரண்டே கேள்வி: "வீட்டுக்குங்களா, சர்ச்சுக்குங்களா? எத்தன மணிக்கு எடுக்கறாங்க?" வெள்ளைச் சாமந்தியும் சம்பங்கியும் வைத்து மலர் வளையம், ரிப்பனில் எங்கள் நால்வர் பெயர். படம் அனுப்பவில்லை, விலையும் பேசவில்லை. சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. காசு எவ்வளவு என்று மறுநாள் நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

குறை இல்லாமலா? சாவு வீட்டுக்குக் காட்டிய அந்த நேர ஒழுங்கு மற்ற நாட்களில் கிடையாது. பதினொன்றுக்குள் என்றால் பன்னிரண்டரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கேக் வெட்டும் நேரத்துக்குச் சரியாகப் பூ வர வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது. நடு இரவு டெலிவரி என்று கேட்டால் அக்கா சிரிப்பார். வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் மாலை வேலையே குவிந்து கிடக்கும், பாஸ்கெட் எடுப்பதே இல்லை. வாழ்த்து அட்டையில் எழுத்துப்பிழை சகஜம். சுகன்யாவுக்கு மூன்று சுழி 'ண' போட்டு அனுப்பி, அவள் இன்னும் என்னைக் கிண்டல் செய்கிறாள். இப்போது கையால் எழுதச் சொல்லாமல், எழுதி அனுப்பியதைப் பிரிண்ட் எடுத்து ஒட்டச் சொல்கிறேன். ரசீது கேட்டால் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிப் படம் பிடித்து அனுப்புவார். ஆபீஸ் கணக்கில் காட்ட உதவாது.

பையனுக்குப் பரீட்சை இருந்த ஒரு தடவை பைக் பார்சல் செயலி ஒன்றில் ஏற்றிவிட்டார்கள். வண்டியின் முன்கொக்கியில் மாட்டிக்கொண்டு போனார்களோ என்னவோ, ஜெர்பரா கழுத்தெல்லாம் ஒடிந்து போய்ச் சேர்ந்தது. படம் அனுப்பினேன். மறுநாள் காலை வேறு பாஸ்கெட் போனது, காசு வாங்கவில்லை. அதன்பிறகு "தம்பி இருக்கானா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டரே சொல்கிறேன்.

இன்னொன்று கொஞ்சம் கவனிக்க வேண்டியது. சித்தி மகள் வீட்டில் பூனை இருக்கிறது. கட்டி முடித்து வந்த படத்தில் லில்லியம். லில்லியத்தின் இலை, பூ, மகரந்தம், அது நின்ற தண்ணீர் எல்லாமே பூனைக்கு விஷம், சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். உடனே ஃபோன் போட்டு மாற்றச் சொன்னேன். முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அக்காவுக்கு இந்த விஷயமே தெரிந்திருக்கவில்லை. பூ விற்கிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது இது. நீங்கள் எந்தக் கடையில் சொன்னாலும் பூனை இருக்கும் வீடென்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தப் பச்சை ஸ்பாஞ்சும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான், மக்காது. பார்க்க மண்கட்டிமாதிரி உதிர்வதால் ஏமாந்துவிடுவோம். பெரியம்மா அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார், ஈரம் காக்குமாம். தோண்டி எடுக்க வைத்தேன். ஸ்பாஞ்ச் வேண்டாம், கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி வைத்துக் கொடுங்கள் என்று கேட்டால் 200 ரூபாய் சேர்த்து அப்படியும் செய்து தருகிறார்கள். வண்டியில் கொண்டுபோகத்தான் அவர்களுக்குக் கஷ்டம். சிங்காநல்லூர் வரைக்கும் என்றால் மறுத்துவிடுவார்கள்.

கூப்பிடுவதானால் காலை பத்து மணிவாக்கில் கூப்பிடுங்கள். மார்க்கெட் சரக்கு வந்து, காம்பு வெட்டித் தண்ணீரில் நிற்க வைத்து, அக்கா டீயோடு உட்கார்ந்திருப்பார். என்ன பூ இருக்கிறது, எது நாளைக்கு நல்லா வரும் என்று நிதானமாகச் சொல்வார். சாயங்காலம் கோயில் மாலைக்கு ஆள் நிற்கும்போது கூப்பிட்டால் "சரிங்க, சரிங்க" தவிர வேறு பதில் வராது, அட்டையில் என்ன எழுதச் சொன்னோம் என்பதும் நினைவிருக்காது. அடுத்த மாதம் மாமாவுக்கு எழுபது வயது நிறைகிறது. அன்று முகூர்த்த நாள் என்பதால் முந்தின நாளே அனுப்பச் சொல்லிவிட்டேன். லில்லியை மொட்டாக வைத்தே கட்டுவார்களாம், விழா அன்று காலை விரிந்துவிடும் என்பது அக்காவின் கணக்கு.