ஆட்டோகேட்டில் எஃப்1: எப்போது அழுத்துவது, திறக்காவிட்டால் எங்கே பார்ப்பது

கம்ப்யூட்டரில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட்டில் வேலை செய்பவர்கள் எஃப்3, எஃப்8 இரண்டையும் கீபோர்டைப் பார்க்காமலே தட்டுவார்கள். புள்ளியைத் துல்லியமாகப் பிடிக்கும் ஆப்ஜெக்ட் ஸ்னாப்பும் (எஃப்3) கோட்டை நேராக வைக்கும் ஆர்த்தோவும் (எஃப்8) இல்லாமல் ஒரு சுவர்க்கோடுகூட ஒழுங்காக வராது. அதே வரிசையில் முதலில் இருக்கும் எஃப்1 மட்டும், எஸ்கேப்பைத் தேடிப் போன விரல் தவறிப் படும் கீயாகவே பலருக்கும் அறிமுகம். இது பெரிய இழப்பு. அந்தக் கீக்குப் பின்னால் இருக்கும் ஹெல்ப், ஆட்டோகேட்டோடு கிடைப்பவற்றில் நல்ல தரமான பகுதிகளில் ஒன்று. சும்மா இருக்கும்போது அழுத்தினால் அது பெரிதாக உதவாது. வேலையின் நடுவே, சிக்கிய இடத்திலேயே அழுத்த வேண்டும்.

எந்தக் கமாண்டும் ஓடாதபோது எஃப்1 அழுத்தினால் ஹெல்ப்பின் முகப்புப் பக்கம்தான் வரும். அங்கிருந்து தேடிப் போவது சலிப்பான வேலை. பலரும் இதை ஒருமுறை பார்த்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். கமாண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் நேராக அந்தக் கமாண்டின் பக்கமே திறக்கும். மேலே உள்ள பட்டன் வரிசையான ரிப்பனில் ஒரு பட்டன் மேல் கர்சரை நிறுத்தி, டூல்டிப் என்ற சிறு விளக்கப்பெட்டி விரிந்த பிறகு அழுத்தினால் அந்தக் கருவியின் பக்கம் வரும். டூல்டிப்பின் அடியிலேயே எஃப்1 பற்றிய வரி இருக்கிறது, கண்ணில்தான் படுவதில்லை. டயலாக் பாக்ஸ் திறந்திருந்தால் அதன் ஒவ்வொரு பெட்டிக்குமான விளக்கம் கிடைக்கும். ஃபைல்டயா போன்ற சிஸ்டம் வேரியபிளின் (ஆட்டோகேட் எப்படி நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அமைப்பு) பெயரைத் தட்டி என்டர் கொடுத்து, புது மதிப்பு கேட்கும் இடத்தில் எஃப்1 அழுத்தினால் 0 என்றால் என்ன, 1 என்றால் என்ன என்பது முன்னே வந்து நிற்கும்.

கோட்டில் வேண்டாத பகுதியை வெட்டும் டிரிம் கமாண்டை வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். 2021 பதிப்பில் டிரிம்மின் பழக்கம் மாறியது. அதற்கு முன் டிரிம்மின் சுருக்கமான டிஆர் தட்டி, வெட்டும் விளிம்பைத் தேர்ந்தெடுத்து, என்டர் கொடுத்து, பிறகு வெட்ட வேண்டிய கோட்டைத் தொட வேண்டும். இப்போது எல்லாக் கோடுகளுமே வெட்டும் விளிம்பாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தொட்ட உடனே வெட்டு விழும். பழைய பதிப்பிலிருந்து வந்தவர் விளிம்பைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துத் தொடுகிறார், அந்த விளிம்பே காணாமல் போகிறது. டிரிம் ஓடும்போதே எஃப்1 அழுத்திப் பாருங்கள். குயிக், ஸ்டாண்டர்ட் என்ற இரண்டு மோடுகளும் அந்தப் பக்கத்திலேயே விளக்கப்பட்டிருக்கும். கமாண்ட் லைனில் அடைப்புக்குள் தெரியும் ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனி விளக்கமும் கீழே இருக்கும். கமாண்டின் உள்ளே ஓ தட்டி மோடை ஸ்டாண்டர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். டிரிம்எக்ஸ்டெண்ட்மோட் வேரியபிளை 0 ஆக்கினாலும் பழைய முறை திரும்பும். குயிக்கிலேயே இருந்துகொண்டு ஒரு முறைக்கு மட்டும் விளிம்பைத் தேர்ந்தெடுக்க டி போதும். இவ்வளவும் ஒரே கீயில், ஓடும் கமாண்டை நிறுத்தாமலே கிடைக்கிறது. படித்து முடித்ததும் டிராயிங் பகுதியில் ஒரு கிளிக் செய்தால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

ஹெல்ப்பில் மிகவும் பயனுள்ள ஒரு விஷயம் ஃபைண்ட். கமாண்ட் பக்கத்தின் மேலே கருவியின் ஐகானுக்குப் பக்கத்தில் அந்த இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால், ஆட்டோகேட் திரையில் அசையும் அம்புக்குறி ஒன்று தோன்றி அந்தப் பட்டன் ரிப்பனில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும். பெயர் தெரியும், பட்டன் எங்கே என்று தெரியவில்லை என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கமாண்ட் லைனில் பெயரைத் தட்டும்போது விரியும் பட்டியலிலும் ஒரு வசதி உண்டு. ஒரு பெயர் மேல் கர்சரை வைத்தால் ஓரத்தில் கேள்விக்குறி ஐகான் வரும். அதைத் தொட்டால், கமாண்டைத் தொடங்காமலே அதன் பக்கத்தைப் படிக்கலாம்.

கூகுளில் தேடினால் போதாதா என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேடலில் வருவது எந்த ஆண்டுப் பதிப்பின் பக்கம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மேலே சொன்ன டிரிம்மையே 2018 பக்கத்தில் படித்துவிட்டு 2024-இல் செய்தால் படம்தான் கெடும். எஃப்1 நீங்கள் பயன்படுத்தும் பதிப்பின் பக்கத்தையே திறக்கும். குறை என்று சொல்வதானால், தமிழில் ஹெல்ப் கிடையாது. ஆனாலும் கமாண்ட் பக்கங்களின் ஆங்கிலம் எளிமையானது. சுருக்கம் ஒன்றிரண்டு வரிதான். அதன் பிறகு வருபவை கமாண்ட் லைனில் நீங்கள் பார்க்கும் அதே சொற்கள், அதே வரிசையில். ஐடிஐ டிராஃப்ட்ஸ்மேன் படிப்பவர்கள்கூட திரையையும் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படித்தால் சிரமமில்லாமல் பிடித்துக்கொள்ளலாம்.

இனி, எஃப்1 வேலை செய்யாத நேரங்கள். என்ன நடக்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

ஸ்பீக்கர் ஊமையாகிறது, இல்லை திரை வெளிச்சம் மாறுகிறது என்றால் கோளாறு ஆட்டோகேட்டில் இல்லை. லேப்டாப்பின் மேல்வரிசை, மீடியா கீகளாக அமைக்கப்பட்டிருக்கிறது. எஃப்என் கீயை அழுத்திக்கொண்டே எஃப்1 தட்டிப் பாருங்கள். ஹெல்ப் வந்துவிட்டால் அதை நிரந்தரமாக மாற்றிக்கொள்ளலாம். டெல்லிலும் லெனோவோ திங்க்பேடிலும் பெரும்பாலும் எஃப்என்னோடு எஸ்கேப் அழுத்தினால் போதும். ஹெச்பியில் கம்ப்யூட்டர் தொடங்கும்போது எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போய், ஆக்‌ஷன் கீஸ் மோடை அணைக்க வேண்டியிருக்கும். இதைச் சரிசெய்தால் எஃப்3, எஃப்8 எல்லாமே சேர்ந்து சரியாகும்.

பிரவுசர் திறந்து, விண்டோஸில் உதவி பெறுவது எப்படி என்ற பிங் தேடல் வந்தால், கீ விண்டோஸுக்குப் போயிருக்கிறது என்று பொருள். ஆட்டோகேட் ஜன்னல் ஆக்டிவாக இல்லை. டிராயிங் பகுதியில் ஒரு கிளிக் செய்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

திரை மங்கி, ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் குறுக்குக்கோடு வந்தால் வேறொரு மென்பொருள் எஃப்1-ஐப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் மென்பொருளான ஸ்னிப்பேஸ்ட் நிறுவியதும் எஃப்1 படம் எடுக்கவும் எஃப்3 அதைத் திரையில் ஒட்டவும் தானாகவே அமைந்துவிடும். ஆஸ்னாப் (ஆப்ஜெக்ட் ஸ்னாப்) ஏன் எஃப்3-க்கு அணைய மறுக்கிறது என்று குழம்புவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதன் அமைப்புகளில் இரண்டு கீயையும் மாற்றிவிடுங்கள்.

ஹெல்ப் ஜன்னல் வருகிறது, ஆனால் வெறுமையாக இருக்கிறது என்றால், முதலில் ஹெல்ப் டாட் ஆட்டோடெஸ்க் டாட் காம் பிரவுசரில் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் இணையமோ அலுவலக ஃபயர்வாலோ தடுக்கிறது. திறந்தால், ஆப்ஷன்ஸில் சிஸ்டம் டேப்புக்குப் போங்கள். ஹெல்ப் பகுதியில் ஆன்லைன் உள்ளடக்கத்தைப் பயன்படுத்தச் சொல்லும் டிக் இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு ஆஃப்லைன் ஹெல்ப்பை நிறுவாமல் விட்டிருந்தால் திறக்க எதுவும் இருக்காது. ஆஃப்லைன் ஹெல்ப் மென்பொருளோடு தானாக வருவதில்லை. மேலே டைட்டில் பாரில் கேள்விக்குறிக்குப் பக்கத்து அம்பைத் தொட்டால் அதைத் தரவிறக்கும் வழி கிடைக்கும். பதிப்புக்குத் தகுந்ததை எடுத்து நிறுவி, அதன் பிறகே டிக்கை நீக்க வேண்டும். இணையம் அடிக்கடி துண்டிக்கப்படும் சைட் அலுவலகத்துக்கு இதை முதல் நாளே செய்து வைப்பது நல்லது. இதிலும் தீராவிட்டால் ஹெல்ப்பிரிஃபிக்ஸ் வேரியபிளைப் பாருங்கள். ஹெல்ப் எங்கிருந்து வர வேண்டும் என்ற முகவரி அதில்தான் இருக்கிறது. யாரோ எப்போதோ கொடுத்த, இப்போது இல்லாத சர்வர் பாதை அதில் தங்கியிருக்கலாம்.

பட்டன் மேல் வைத்து அழுத்தினாலும் முகப்புப் பக்கமே வருகிறது என்றால் டூல்டிப் அணைந்திருக்கும். டூல்டிப்ஸ் வேரியபிளை 1 ஆக்குங்கள். டூல்டிப் விரிய ஒரு விநாடி ஆகும், அதற்கு முன்னால் அவசரப்பட்டு அழுத்தினாலும் இதேதான் நடக்கும்.

எதுவுமே நடக்காத நேரத்தில் கீகளையும் மெனுக்களையும் மாற்றியமைக்கும் சியுஐ ஜன்னலைத் திறந்து பாருங்கள். எஸ்கேப் பக்கத்தில் இருப்பதால் எஃப்1-ஐயே கேன்சலாக மாற்றி வைப்பவர்கள் நிறைய. பழைய பதிப்பின் அமைப்புகளைப் புதியதற்குக் கொண்டுவரும்போது அந்த மாற்றமும் சேர்ந்து வந்துவிடும். இடதுபக்கம் கீபோர்ட் ஷார்ட்கட்ஸில் ஷார்ட்கட் கீஸைத் தேர்ந்தெடுத்தால், எந்தக் கீ எதற்கு என்ற முழுப் பட்டியல் வலப்பக்கம் வரும். எஃப்1-க்கு நேரே வேறு கமாண்ட் இருந்தால் அதை ஷார்ட்கட் பட்டியலிலிருந்து நீக்கி, அப்ளை கொடுங்கள்.

கைதவறிப் படுவது உண்மையிலேயே தொல்லை என்றால் மாற்றுவதில் தவறில்லை. கீயையே பிடுங்கி எறிவது வேண்டாம், வேறு எந்த மென்பொருளுக்கும் அது இல்லாமல் போகும். கமாண்டை முடக்கும் அன்டிஃபைன் கொண்டு ஹெல்ப்பைச் செயலிழக்க வைப்பதும் வேண்டாம், உதவி தேவைப்படும் நேரத்தில் அதுவும் சேர்ந்து போயிருக்கும். சியுஐ-யில் புது கமாண்ட் ஒன்றை உருவாக்கி, மேக்ரோவில் (கீ அழுத்தியதும் ஓடும் கட்டளை வரி) கேரட் குறியும் (^) சி எழுத்தும் இரண்டு முறை கொடுங்கள். அதை ஷார்ட்கட் கீஸுக்கு இழுத்துப் போட்டு எஃப்1 ஒதுக்குங்கள். கூடவே ஹெல்ப்புக்கு வேறொரு கீ கொடுப்பது அவசியம். அதற்கான மேக்ரோ ஒற்றை மேற்கோள் குறியோடு தொடங்க வேண்டும். அந்தக் குறிதான் ஓடும் கமாண்டின் உள்ளேயே ஹெல்ப்பைத் திறக்க வைக்கிறது. வழக்கம்போல் முன்னால் கேன்சல் சேர்த்துவிட்டால் கமாண்ட் அறுந்து, முகப்புப் பக்கம் வரும். எந்தக் கீயும் ஒதுக்கப் பிடிக்காதவர்கள் கமாண்டின் நடுவே மேற்கோள் குறியும் கேள்விக்குறியும் தட்டினாலும் அதே பலன்தான்.

ஆட்டோகேட்டுக்குப் புது கமாண்ட் உருவாக்கும் நிரல்மொழியான ஆட்டோலிஸ்ப்பில் சொந்தமாக எழுதும் அலுவலகங்களுக்கு ஒரு விஷயம். நீங்கள் உருவாக்கிய கமாண்டின் நடுவே எஃப்1 அழுத்தினால் ஆட்டோகேட்டுக்கு என்ன திறப்பது என்று தெரியாது. செட்ஃபன்ஹெல்ப் என்ற ஃபங்ஷனில் கமாண்டின் பெயரையும் ஹெல்ப் ஃபைலையும் தலைப்பையும் கொடுத்துப் பதிவுசெய்தால் உங்கள் சொந்தக் குறிப்பே திறக்கும். அந்த வரியை, கமாண்டை வரையறுக்கும் டிஃபன்னுக்குக் கீழேதான் எழுத வேண்டும். மேலே எழுதினால், டிஃபன் ஓடும்போது அந்தப் பதிவை அழித்துவிடும். ஆட்டோகேட்டின் வசதி குறைந்த வடிவமான எல்டி பயன்படுத்துபவர்களுக்கு 2024 பதிப்பிலிருந்துதான் ஆட்டோலிஸ்ப் கிடைக்கிறது.