மார்பில் கட்டி: ஸ்பாட் படமா, 3டியா, மேக்னிஃபிகேஷனா?

"இன்னும் ரெண்டு படம் எடுக்கணும்மா" என்று டெக்னீஷியன் சொன்னதுமே பாதி உயிர் போய்விடும். கூடுதல் படம் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வழக்கமான மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், ஒரு மார்புக்கு இரண்டு படம்தான்: மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. அதில் சந்தேகம் தீராதபோது அடுத்தது தேவைப்படுகிறது.

முதலில் ஸ்பாட் கம்ப்ரெஷன். கட்டி தட்டுப்படும் இடத்தில் தோல்மேல் ஒரு குட்டி உலோக மணியை ஒட்டி, சின்னத் தகடால் அந்த இடத்தை மட்டும் அழுத்துவார்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்து கட்டிபோலத் தெரிந்த திசுவாக இருந்தால் பிரிந்து பரவிவிடும். நிஜக் கட்டி அப்படியே நிற்கும். அதன் விளிம்பு வழவழப்பா, முள்முள்ளாக நீள்கிறதா என்பதும் தெரியும். வலிக்கும், ஆனால் சில நொடிதான்.

இதே வேலையை 3டி மேமோகிராம் இன்னொரு அழுத்தம் இல்லாமலே செய்கிறது. எக்ஸ்ரே குழாய் வளைவாக நகர்ந்து பல கோணங்களில் எடுப்பதால், மார்பை மெல்லிய அடுக்குகளாகப் புரட்டிப் பார்க்கலாம். கட்டியின் விளிம்பைப் பார்க்க 3டி கிடைத்தால் நான் அதைத்தான் கேட்பேன்.

ஆனால் சுண்ணாம்புத் துகள்கள் (மார்புத் திசுவில் படியும் கால்சியம்) என்று வந்தால் மேக்னிஃபிகேஷன் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். மார்பை மேடைபோல உயர்த்தி வைத்து ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பெரிதாக எடுக்கும் படம் அது. துகள் உருண்டையா, உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரியா என்பதில்தான் பயாப்சி (திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது) வேண்டுமா என்ற முடிவே இருக்கிறது. கதிர்வீச்சு சற்றுக் கூடுதல்; படம் எடுக்க நேரமும் கொஞ்சம் கூடும், அதனால் மூச்சை அடக்கி அசையாமல் நிற்க வேண்டும். கூடவே நேர்பக்கவாட்டுப் படமும் எடுப்பார்கள். நீர்க்கட்டிக்குள் இருக்கும் சுண்ணாம்பு, காபி டம்ளர் அடியில் மண்டி தங்குவதுபோல் கீழே பிறையாகப் படியும். அது தெரிந்தால் பயமில்லை.

சரி, கட்டிக்குள் இருப்பது நீரா, கெட்டிச் சதையா? இதை எந்த மேமோகிராம் கோணமும் சொல்லாது, அல்ட்ராசவுண்ட்தான் சொல்லும். 30 வயதுக்குக் கீழே என்றால் முதல் சோதனையே அதுதான்.

எல்லாப் படமும் சுத்தமாக வந்தும் கட்டி கையில் தட்டுப்பட்டால், "ரிப்போர்ட் நார்மல்" என்று வீடு திரும்பிவிடாதீர்கள். சில புற்றுநோய்கள் மேமோகிராமில் தெரிவதே இல்லை. மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சந்தேகப்பட்டால், பயாப்சி எடுத்தே ஆக வேண்டும்.