நாய்க்குத் திரும்பத் திரும்பப் பூச்சி வந்தால் எந்த வழி சரி?

மருந்து கொடுத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, நாயின் மலத்தில் மறுபடியும் பூச்சி. கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் மணல் கொல்லை உள்ள வீடானாலும் சரி, புதுச்சேரியில் வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கம் தோட்டத்தோடு இருக்கும் வீடானாலும் சரி, ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். உடனே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவற்றில் எது எதற்கு உதவும், எது உதவாது என்று பார்த்துவிடலாம்.

வேப்பங்கொழுந்து, மஞ்சள், குப்பைமேனி, பூண்டு என்று போகும் நாட்டு மருந்துக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. நாயின் குடலில் உள்ள புழுவை இவை முழுதாக வெளியேற்றும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. அதிலும் பூண்டைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கொக்கிப்புழு ஏற்கெனவே ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் குட்டிக்குப் பூண்டைக் கொடுத்தால் சோகை இன்னும் மோசமாகும்.

அடுத்தது மெடிக்கலில் மனிதர்களுக்கு விற்கும் ஆல்பெண்டசோல் மாத்திரை. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். அதைத் தவிர நாய்க்கு அதைக் கொடுக்க வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நாய்களில் இது எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணுக்கள் உற்பத்தியைக் குறைத்துவிடக்கூடும். நாய்க்கென்றே பாதுகாப்பான மருந்துகள் இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

பைரன்டெல் சிரப் அப்படியல்ல. குட்டிகளுக்கு அருமையான மருந்து. பிறந்த 2 வாரத்தில் தொடங்கி 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். அவ்வளவு சீக்கிரம் தொடங்கக் காரணம் உண்டு. உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குப் போய்விடும், கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகப் போகும். ஆகவே குட்டிகளுக்குக் கொடுக்கும்போதே தாய்க்கும் கொடுக்க வேண்டும். ஆனால் இந்த சிரப் நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. ஆசனவாயைச் சுற்றியும் படுக்கும் சாக்கிலும் அரிசிமணி போல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அந்த வீட்டில் பாட்டில் பாட்டிலாக இந்த சிரப்பை ஊற்றினாலும் அது போகாது.

பிராசிகுவாண்டெல், பைரன்டெல், ஃபெபன்டெல் மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரை இந்தக் குறையைத் தீர்க்கிறது. உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு நான்குக்கும் அதில் மருந்து இருக்கிறது. வழக்கமான அளவு 10 கிலோவுக்கு ஒரு மாத்திரை. "பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும்" என்று கண்ணால் அளந்து கொடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, பிறகு நம் எடையைக் கழித்துவிட்டால் வேலை முடிந்தது.

அப்படியானால் இந்த மாத்திரையைச் சரியாகக் கொடுத்த வீட்டிலும் பூச்சி ஏன் திரும்புகிறது? நாடாப்புழுவின் முட்டையைத் தின்பது தெள்ளுப்பூச்சியின் புழுப்பருவம். அது வளர்ந்து நாய் மேல் ஏறும், நாய் அரிப்பில் கடித்து அதை விழுங்கும், 2, 3 வாரத்தில் மறுபடி துண்டுகள் வெளியே வரும். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் இந்தச் சுற்று நிற்காது. கொக்கிப்புழுவின் கதை வேறு. அதன் இளம்புழுக்கள் நாயின் தசைக்குள் பதுங்கியிருக்கும், குடலில் உள்ளவற்றை மருந்து கொன்றதும் பதுங்கியவை கிளம்பி வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். ஒரு தவணையோடு நிறுத்தாமல் 2, 3 வாரம் கழித்து மறு தவணை கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

இங்கேதான் மலப் பரிசோதனை மற்ற எல்லாவற்றையும் விட மேல் என்று நினைக்கிறேன். எந்தப் புழு என்று தெரியாமல் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பதில் காசும் போகிறது, நாயும் வாடுகிறது. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலூர்க்காரர்கள் தங்கள் கால்நடை மருத்துவரிடமே கேட்கலாம். அன்று காலையில் போன மலத்தை மூடியுள்ள சிறு டப்பாவில் எடுத்துப் போக வேண்டும். நம் ஊர் வெயிலில் கொக்கிப்புழு முட்டை சீக்கிரம் பொரிந்துவிடும், பழைய மலத்தில் சரியாகத் தெரியாது. ஒரு குறையும் உண்டு: நாடாப்புழு இந்தப் பரிசோதனையில் அடிக்கடி தப்பிவிடும். ஆகவே நம் கண்ணில் பட்டதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், முடிந்தால் செல்போனில் படம் எடுத்துக் காட்ட வேண்டும். மருந்து முடிந்து இரண்டு வாரத்தில் இன்னொரு பரிசோதனை செய்தால் மருந்து வேலை செய்ததா என்பதும் தெரிந்துவிடும். அமெரிக்காவில் பந்தய கிரேஹவுண்ட் நாய்களிடம் பல மருந்துகளுக்கும் அடங்காத கொக்கிப்புழு கண்டறியப்பட்ட பிறகு இந்த இரண்டாம் பரிசோதனைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் கொல்லையைக் கவனிக்காவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். ஈரமும் நிழலும் உள்ள மணலில் கொக்கிப்புழு முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் இளம்புழுவாகிவிடும். தென்னை நிழலில் ஈரம் காயாத கடலூர் மணலை விட அதற்கு நல்ல இடம் அமையாது. உருண்டைப்புழு முட்டைக்கு 2 முதல் 4 வாரம் பிடிக்கும், ஆனால் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அன்றாடம் மலத்தை அள்ளிவிட்டால் இரண்டுக்கும் அந்த அவகாசம் கிடைக்காது. வெயில் படும்படி கிளைகளைக் கழித்துவிடுவதும் உதவும். அந்த மணலில் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடினால் அதே கொக்கிப்புழு அவர்கள் தோலுக்குள்ளும் புகுந்து நெளிநெளியாகத் தடிப்பை உண்டாக்கும்.

இவ்வளவும் நாய் தெம்பாக இருக்கும்போது பொறுமையாகச் செய்யலாம். குட்டியின் ஈறு வெளுத்திருந்தாலோ, மலம் தாரைப் போலக் கறுத்துப் போனாலோ, எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தாலோ எந்த மருந்து என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.